சூரை மீனின் அடையாளமும் அதன் கடலெல்லையும்

நம் சங்கத்தாருள் சூரை மீனைக் கண்டறியாதார் இலர். வீராம்பட்டினத்திலும் வைத்திக்குப்பத்திலும் குருசுக்குப்பத்திலும் கரையேறும் கூடைகளில் அதனைச் சிறு பிராயந்தொட்டே பார்த்து வந்திருக்கின்றோம். ஆயினும், 'சூரையாவது யாது?' என்று அயலார் ஒருவர் வினவினால், 'இதோ கூடையிற் கிடப்பது' என்று சுட்டிக் காட்டுவோமேயன்றி, அது இன்ன குறிகளை உடையது, இன்ன மீனினின்றும் வேறுபட்டது, இன்ன கடல்களில் வாழ்வது என்று வகுத்துரைப்பார் நம்முள் நாளுக்குநாள் குறைந்து வருகின்றனர். கட்டுமரத்தில் ஓடிய முதியோர்க்கு இவ்வறிவு கைவந்ததாயிருந்தது. அவர் மீனை எடுத்து வயிற்றுப்புறத்தைத் திருப்பிப் பார்த்து ஒரு சொல்லாற் பெயர் கூறுவர். இயந்திரப் படகில் ஏறிய இளைஞர் பலர்க்கு எல்லாம் சூரையே.

இஃது ஓர் அற்ப விஷயமென்று சிலர் எண்ணக்கூடும். யாம் அங்ஙனம் எண்ணவில்லை. ஒரு மீனின் அடையாளம் பிழைபடின் அது வாழும் எல்லையும் பிழைபடும். எல்லை பிழைபடின் எத்தனை பிடிபட்டது என்னும் கணக்கும் பிழைபடும். இக்காலத்திற் கடற்றொழில் செய்வார்மீது சட்டங்கள் அக்கணக்கைக் கொண்டே வருகின்றன. ஐரோப்பியப் பண்டிதர்களும் இம்மீனின் அடையாளத்தை நெடுங்காலம் பிழைபடவே கொண்டிருந்தனர். அவர்கள் அதனைத் திருத்திக்கொள்ள நூறு வருஷங்களுக்கு மேற் சென்றது. அச்சரித்திரத்திற் புதுச்சேரிக்கும், அடுத்துள்ள தரங்கம்பாடிக்கும், இராமநாதபுரச் சீமையிலுள்ள மண்டபத்துக்கும் பங்குண்டாதலின் அதனை ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

முதற்கண் மீனையே பார்ப்போம். சூரையென்று சிறப்பாகச் சொல்லத்தக்கது, பிராணி நூலார் 'யூதின்னஸ் அஃபினிஸ்' என்னும் லத்தீன் பெயரால் வழங்கும் மீனாகும். ஹவாய்த் தீவினரின் சொல்லைக் கடன்வாங்கி ஆங்கிலத்தில் அதனைக் 'கவகவா' என்பர். பிரெஞ்சுமொழியில் அதன் பெயர் 'தொனீன் ஒரியாந்தால்'. கீழ்த்திசைத் தொனீன் என்பது பொருள். அப்பெயரிற் 'கீழ்த்திசை' என்னும் அடைமொழி ஏன் வேண்டப்பட்டது என்பது பின்னர் விளங்கும்.

இதன் உடல் நூற்குங் கதிர்போல இரு தலையும் கூம்பி நடுவே பருத்தது. முதுகு கருநீலம், வயிறு வெள்ளி. முதன்மையான அடையாளம் வயிற்றுப்புறத்தில் உள்ளது. மார்புச் செட்டைக்கும் அதன்கீழுள்ள வயிற்றுச் செட்டைக்கும் இடையே, மை தொட்டு விரலால் ஒற்றினாற்போலச் சில கரும்புள்ளிகள் காணப்படும். ஒரு மீனில் இரண்டு இருக்கும். மற்றொன்றில் நான்கைந்து இருக்கும். சிலவற்றில் மங்கலாய்த் தோன்றும். இப்புள்ளிகளே இம்மீனின் கைந்நாட்டு என்னலாம். இரண்டாவது, முதுகின் பிற்பாதியிற் சாய்வாயும் வளைந்தும் முறிந்தும் ஓடும் கருங்கோடுகள். இவை வாலினின்று முன்னோக்கி வந்து, முதல் முதுகுச் செட்டையின் நடுவளவில் நின்றுவிடும், தலைவரை எட்டா. மூன்றாவது, முதுகுச் செட்டைகள் இரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறையத் தொட்டுக்கொண்டு நிற்றல். இடைவெளி மீனின் கண்ணளவு கூட இராது. முதற் செட்டையின் முன்முட்கள் உயர்ந்தெழுந்து, பின்வருவன சடுதியிற் குறுகுதலால், அச்செட்டையின் விளிம்பு அரிவாள் வளைவுபோல உட்குழிந்து தோன்றும். நான்காவது, உடல் முழுதும் செதிளில்லாமை. மார்பைச் சுற்றிக் கவசம்போலப் படர்ந்த பகுதியிலும், பக்கக் கோட்டின் வழியிலும் மட்டுமே செதிள் உண்டு. ஏனைய இடம் வழவழவென்றிருக்கும். சூரையை அரியும் நம் பெண்மக்களுக்கு இதனைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

முதுகிலும் அடியிலும் வாலை நோக்கி வரிசையாய் நிற்கும் குறுஞ்செட்டைகள், மேலே எட்டு முதற் பத்தும், கீழே ஆறு முதல் எட்டும் இருக்கும். செவுளின் முதல் வளைவிற் சீப்புப்பல் போன்ற முட்கள் 29 முதல் 33 வரை உள்ளன. இவ்வெண்ணை வாசகர் நினைவில் வைக்க வேண்டுகின்றோம். பண்டிதர்களின் வழக்கைத் தீர்த்தவற்றுள் இஃதொன்று. வயிற்றினுள் காற்றுப்பை இம்மீனுக்கு இல்லை. ஆதலால் நின்று மிதத்தல் அதற்கு இயலாது. பிறந்தது முதல் நீந்திக்கொண்டே இருத்தல் வேண்டும். மிகப் பெரிது ஒரு மீட்டர் நீளமும் 14 கிலோகிராம் அளவும் எட்டும். கரைக்கு வருவன பெரும்பாலும் 60 சென்டிமீட்டருக்கு உட்பட்டனவே.

இனி, இதனோடு ஒரே கூடையிற் கிடந்து மயக்கந் தருவனவற்றைச் சுருங்கச் சொல்வோம். எலிச்சூரை உருவிற் சிறியது, அதன் முதுகுச் செட்டைகள் இரண்டுக்கும் நடுவே அகன்ற வெளி உண்டு, வயிற்றிற் புள்ளியில்லை. இவ்வொன்றே போதும், இருட்டிலும் விரலால் தடவிப் பார்த்துச் சொல்லிவிடலாம். வரிச்சூரைக்குப் பெயரே அடையாளம். அதன் வயிற்றிற் பக்கத்துக்கு நான்கு முதல் ஆறு கருவரிகள் நெடுக ஓடும், முதுகிற் கோடில்லை. மாலத்தீவிலும் மினிக்காயிலும் அவித்துப் புகையூட்டி உலர்த்தி 'மாசி' என்று நம் கடைகளுக்கு வருவது இதுவே. பதினான்காம் நூற்றாண்டில் மாலத்தீவில் வாழ்ந்த அரபு யாத்திரிகர் இபின் பதூதா இம்மாசியைச் சுவைத்து, அஃது இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏமனுக்கும் ஏற்றுமதியாவதை எழுதிவைத்திருக்கிறார். மஞ்சட்செட்டைச் சூரை வளர்ந்தபின் ஆளுயரம் எட்டுவது. அதன் இரண்டாம் முதுகுச் செட்டையும் அடிச்செட்டையும் பொன்னிறமாய் நீண்டு பிறைபோல் வளையும். ஆயின் அதன் குஞ்சுக்கு அந்நீண்ட செட்டை இன்னும் வளர்ந்திராது. குஞ்சுப் பருவத்தில் அது சூரையென்றே விலைபோகின்றது, மயக்கமெல்லாம் இங்கேதான். வயிற்றைத் திருப்பிக் கரும்புள்ளி உண்டா என்று பார்ப்பதும், உடலெங்கும் செதிள் தட்டுப்படுகின்றதா என்று வாலிலிருந்து தலைநோக்கித் தடவிப் பார்ப்பதும் இதற்குப் பரிகாரம். மஞ்சட்செட்டைக்கு உடல்முழுதும் சிறு செதிள் உண்டு.

இலங்கையிற் சிங்களர் இந்நான்கினையும் அட்டவல்லா, அலகொடுவா, பலயா, கெலவல்லா என்று வேர்வேறான நான்கு சொற்களால் வழங்குகின்றனர். நாம் ஒரு சொல்லுக்கு அடைகொடுத்து வழங்குகின்றோம். அடைமொழியின் குணம் யாதெனில், அவசரத்தில் அது முதலில் உதிர்ந்துபோம்.

இனிச் சரித்திரம். வீராம்பட்டினத்தை அடுத்து ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டை நம்மவர் அறிவர். 1945-ம் வருஷத்தில் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது, மேலைநாட்டுச் சாடிகளின் ஓடுகள் மிகுதியாக அகப்பட்டன. அவற்றைப் பிற்காலத்தில் ஆராய்ந்த எலிசபெத் வில் என்னும் அமெரிக்க அம்மையார், பெரும்பாலானவை கிரேக்க நாட்டு மது வந்த சாடிகளென்றும், சில எண்ணெய்ச் சாடிகளென்றும், சில இஸ்பானிய தேசத்திலிருந்து 'காரம்' என்னும் மீன்சாறு கொணர்ந்த சாடிகளென்றும் துணிந்தார். (நம் நாவிலுள்ள காரம் வேறு, இது ரோமர் சொல்.) சூரை, கானாங்கெளுத்தி முதலியவற்றின் இனமான மீன்களையும் அவற்றின் குடலையும் உப்பிட்டு வெயிலில் ஊறவைத்து இறக்கிய சாறு அது. இஸ்பானியத்தின் தென்கோடியிலுள்ள காதிஸ் என்னும் பண்டைத் துறைமுகம் தன் நாணயத்திலேயே இரண்டு சூரை மீன்களைப் பொறித்திருந்தது. ஆக, ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷங்களுக்குமுன், மத்தியதரைக் கடலின் மீன் சாறாகி, நம் கடலின் மீன் துள்ளும் கரையில் வந்திறங்கியது. மேலைக்கடற் சூரையும் கீழைக்கடற் சூரையும் ஒன்றா வேறா என்று அன்று கேட்டார் இலர். அக்கேள்வி பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் எழுந்தது.

அதற்குமுன் கடல்மீன்களைப் பற்றிய விசாரணை நம் கரையில் எவ்வாறு தொடங்கிற்று என்பதைச் சொல்லவேண்டும். தரங்கம்பாடி டேனியர் வசமிருந்த காலத்தில் அங்கே பாதிரியாராய் இருந்த கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் என்பவர், கரையிற் கிடைத்த மீன்களைப் பெர்லின் நகரத்து வைத்தியரும் மீன்நூல் வல்லுநருமான பிளோக் என்பவருக்கு அனுப்பிவந்தார். பிளோக் 1793-ம் வருஷத்தில் கத்தாழை மீனினத்துக்கு அப்பாதிரியார் பெயரால் 'ஜோனியஸ்' என்று பெயரிட்டு, அவற்றுள் ஒன்றுக்குக் 'கருட்டா' என்று பெயர் வைத்தார். 'கறுத்த கத்தாழை' என்று நம்மவர் சொல்லிய சொல்லே லத்தீன் வேஷம் தரித்து நூலேறியது. அதே தரங்கம்பாடியிலிருந்து சென்ற வஞ்சிர இனத்து மீனொன்று, பிளோக் இறந்தபின் 1801-ல் வெளிவந்த நூலில், 'புள்ளியுடையது' என்னும் பொருள்பட 'குத்தாத்துஸ்' என்று பெயர் பெற்றது.

புதுச்சேரியின் முறை அடுத்தது. ஆங்கிலேயரிடமிருந்து இந்நகரம் பிரெஞ்சுக்காரர்க்கு மீண்ட 1816-ம் வருஷத்தில், லெஷெனோ என்னும் இயற்கைநூற் பண்டிதர் பாரிஸ் அரசாங்கத்தாரால் இங்கே அனுப்பப்பட்டார். அவர் சேலம், கோயம்புத்தூர், நீலகிரி, இலங்கை என்று பல இடங்களுக்குஞ் சென்று செடிகளையும் பிராணிகளையும் திரட்டியவர். 1822-ல் தாய்நாடு திரும்பினார். புதுச்சேரிக் கடலின் மீன்கள் பல அவர் வாயிலாகவே பாரிஸ் பொருட்காட்சிச் சாலையை அடைந்தன. அம்மீன்களைக் கரைக்குக் கொணர்ந்தவர் யாவர் என்று எந்தக் கிரந்தமும் கூறவில்லை. நம் குப்பங்களில் வலைவீசிய முன்னோரே என்று கூற ஆராய்ச்சி வேண்டியதில்லை.

அக்காலத்திற் பாரிஸில் குய்வியே என்னும் மகா பண்டிதர், வலான்சியென் என்னும் மாணாக்கரோடு கூடி, உலகத்து மீன்கள் யாவற்றையும் ஒரு நூலில் அடக்கத் துணிந்தார். 1828 முதல் 1849 வரை 22 சம்புடங்களாக அந்நூல் வெளிவந்தது. குய்வியே 1832-ல் காலமாக, வலான்சியென் எஞ்சியதை முடித்தார். அதன் எட்டாம் சம்புடத்திலேதான் சூரை, வஞ்சிரம், கானாங்கெளுத்தி ஆகிய குடும்பம் பேசப்படுகின்றது. அங்கே புதுச்சேரியிலிருந்து சென்ற வஞ்சிர இனத்து மீனொன்றுக்குப் புதுப்பெயர் கொடுக்கப்பட்டுள்ளது: 'இன்டெரப்டும்', அதாவது இடையிடையே அறுபட்டது. பம்பாயிலிருந்து சென்ற மற்றொன்றுக்கு வேறொரு பெயர். பிற்காலத்தார் இவ்விரண்டையும் ஒப்புநோக்கியபோது, இரண்டும் தரங்கம்பாடியிலிருந்து சென்று 1801-ல் பெயர்பெற்ற மீனே என்று தெளிந்தனர். தரங்கம்பாடிக்கும் புதுச்சேரிக்கும் இடையே உள்ள தூரம் யாவரும் அறிந்ததே. ஒரே கடலில், ஒரே வலையில் விழக்கூடிய மீன் பெர்லினில் ஒரு பெயரும் பாரிஸில் வேறொரு பெயரும் பெற்றது. கரையில் நின்ற வலைஞனைக் கேட்டிருப்பின் ஒரு நாழிகையில் தீர்ந்திருக்கும்.

வஞ்சிரத்தில் ஒரு மீனை மூன்றாக்கினர். சூரையிலோ பல மீன்களை ஒன்றாக்கினர். மத்தியதரைக் கடலிலும் அட்லாண்டிக் பெருங்கடலிலும் வாழும் சிறு சூரை ஒன்று உண்டு. அதற்கும் வயிற்றிற் புள்ளி, முதுகிற் கோடு, உட்குழிந்த செட்டை எல்லாம் உள்ளன. 1810-ல் ரஃபினெஸ்க் என்பவர் சிசிலித் தீவில் அதற்குப் பெயரிட்டார். 'எழுத்தெழுதப்பட்டது' என்னும் பொருளுடையது அப்பெயர். முதுகுக் கோடுகள் கையெழுத்துப்போல் தோன்றினமையின் என்க. இதனைத் 'துன்னினா' என்றும் வழங்கினர். கீழைக் கடல்களிலிருந்து இத்தகைய சூரை வந்தபோது, ஐரோப்பியர் பலர் அதுவும் துன்னினாவே என்று முடிவு செய்தனர். ஜப்பானிய மீன்களைப் பற்றி எழுதியவர்களும் அங்ஙனமே கொண்டனர்.

வேறென்று முதன்முதற் சொன்னவர் கான்டர் என்னும் டேனியர். கோப்பன்ஹேகனிற் பிறந்து, ஆங்கிலக் கும்பினியாரிடம் வைத்தியராய் அமர்ந்து, பினாங்கிற் பணிபுரிந்தவர். 1849-ல் வங்காள ஆசியச் சங்கத்தின் சஞ்சிகையில் அவர் மலாய்க்கடல் மீன்களின் பட்டியலை வெளியிட்டபோது, பினாங்குக் கடலிற் கிடைத்த சூரைக்கு 'அஃபினிஸ்' என்று பெயரிட்டார். 'உறவுடையது' என்பது பொருள். துன்னினாவுக்கு உறவுடையது, ஆனால் அதுவேயன்று என்னும் கருத்தை ஒரு சொல்லில் அடக்கியது அப்பெயர். பினாங்கு நம் நாகப்பட்டினத்து மரக்கலங்களுக்குப் பழகிய துறை. வங்கக்கடலின் அக்கரையிற் பெயர்பெற்றது, இக்கரையில் நாம் உண்ணும் மீனே.

ஆயினும் கான்டரின் சொல் உடனே ஏறவில்லை. சென்னை இராணுவத்தில் வைத்தியராயிருந்து, பின்னர் இந்திய மீன்வளத்தின் மேலதிகாரியாய் விளங்கிய பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை வெளியிட்ட 'இந்திய மீன்கள்' என்னும் பெருநூலில் நம் சூரையைத் துன்னினாவென்றே எழுதினார். டே சாமானியரல்லர், நம் கரைகளைச் சுற்றிப் பார்த்தவர், அவர் நூல் நூறு வருஷம் பிரமாணமாய் நின்றது. அவர் எழுதியதன் விளைவு யாது? நம் சூரையின் எல்லை இஸ்பானியம் முதல் ஜப்பான் வரை நீண்டுவிட்டது! நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு ஒரே மீன் மூன்று பெருங்கடல்களிலும் உலாவுவதாய் ஏற்பட்டது. அடையாளம் பிழைத்தால் எல்லை பிழைக்கும் என்று தொடக்கத்தில் யாம் கூறியதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டா.

முடிச்சை அவிழ்த்தவர்களுள் ஒரு ஜப்பானியரைத் தனித்துச் சொல்லவேண்டும். கிஷினோயெ கமக்கிச்சி என்னும் பேராசிரியர், சூரையினத்தைப் புறத்தோற்றத்தால் மட்டுமின்றி அறுத்துப் பார்த்து ஆராய்ந்தவர். 1915-ல் அவர் ஜப்பானியச் சூரைக்கு 'யாயிதோ' என்று பெயரிட்டார். அம்மொழியில் யாயிதோ என்பது, நோய் தீர உடம்பில் மருந்திட்டுச் சுட்ட வடு. வயிற்றுப் புள்ளிகளைக் கண்டு ஜப்பானிய வலைஞர் சூட்டுத்தழும்பை நினைத்தனர். இங்கும் மாட்டுக்குச் சூடுபோடும் வழக்கமிருந்தமையால் அவ்வுவமை நமக்கு அந்நியமன்று. அந்த யாயிதோவும் கான்டரின் அஃபினிஸும் ஒன்றே என்று பின்னர்த் தெளிந்தது. 1920-ல் கிஷினோயெ அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டிய கடலில் வாழும் மூன்றாவதோர் இனத்தையும் பிரித்துக் காட்டினார். அதன் முதுகிற் கோடுகள் முறியாமல் நேராய் ஓடும்.

1923-ல் வெளியிட்ட பெருநூலில் அவர் மற்றொன்றும் கண்டு சொன்னார். சூரையினத்து மீன்களுக்குத் தோலின் கீழே, வேறு மீன்களுக்கில்லாத இரத்தக்குழாய்ப் பின்னல் உண்டு; அதனால் இவற்றை எலும்புமீன்களினின்றும் பிரித்துத் தனி வகுப்பாக்கவேண்டும் என்றார். தனி வகுப்பை உலகம் ஒப்பவில்லை, பின்னல் மெய். அப்பின்னல், தசையிற் பிறக்கும் சூட்டைச் செவுள்வழிக் கடலில் இழந்துவிடாமல் காக்கின்றது. இலங்கையில் இராணுவ வைத்தியராயிருந்த ஜான் டேவி, சூரையினத்து மீனின் உடற்சூடு கடல்நீரின் சூட்டைவிடச் சுமார் 10 சென்டிகிரேடு பாகை மிகுந்திருப்பதை வெப்பமானியால் அளந்து 1835-லேயே வெளியிட்டிருந்தார். ஓயாமல் நீந்துதற்கு வேண்டிய செந்தசையும் அதிற் பாயும் இரத்தமுமே சூரைக்கறியின் கருஞ்சிவப்புக்குக் காரணம். 'இரத்தமீன்' என்று இதனை இகழ்ந்து வஞ்சிரத்துக்குப் பந்தியில் முதலிடங் கொடுப்பார் இக்காரணத்தை அறிந்து இகழ்வாராக.

நிற்க. இருபதாம் நூற்றாண்டின் நடுவிலும் வழக்கு முற்றும் தீரவில்லை. 1949-ல் ஃப்ரேசர்-பிரன்னர் என்னும் ஆங்கிலேயர் இவற்றை ஒரே இனத்தின் கிளைகளாகவே கொண்டார். இந்தியாவில் இவ்விசாரணை மண்டபத்திலே நடந்தது. 1947-ல் தோன்றிய மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம், 1971-ல் கொச்சிக்குப் போகும்வரை, மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. அங்கே சாந்தப்பன் ஜோன்ஸ், எரிக் சைலஸ் ஆகிய இருவரும் இந்தியக் கடற் சூரைகளை ஒருங்கே ஆராய்ந்து, குறிகண்டு பெயர் துணிதற்குரிய திறவுகோலை 1960-ம் வருஷத்துச் சஞ்சிகையில் வெளியிட்டனர். 1962 ஜனவரியில் மண்டபத்தில் சூரை, வஞ்சிர இனத்து மீன்களைப் பற்றி ஒரு மகாநாடே கூடியது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மைச் சபைக்காக கொலெட், நாவன் என்னும் இருவர் 1983-ல் வெளியிட்ட பட்டியலில் மூன்று இனங்களும் ஐயமின்றி வேறுபடுத்தப்பட்டன. அட்லாண்டிக் மீனுக்குச் செவுள்முட்கள் 37 முதல் 45. அதன் மேல்வாயின் நடு எலும்பிற் பல் இல்லை. நம் மீனுக்கு 29 முதல் 33. அவ்வெலும்பிற் பல் உண்டு. பிரெஞ்சுப் பெயரில் 'கீழ்த்திசை' என்னும் அடை நிலைபெற்றதன் காரணமும் இதுவே.

ஆகவே எல்லையை இன்று திருத்தமாய்ச் சொல்லலாம். மேற்கே செங்கடலும் ஆப்பிரிக்காவின் கீழ்க்கரையும் தொடங்கி, அரபிக்கடல், இலங்கை, வங்கக்கடல், மலாய்த் தீவுகள், ஆஸ்திரேலியாவின் வடபால், தென்ஜப்பான் ஆகியவற்றைத் தழுவி, கிழக்கே ஹவாய் முதலிய பசிபிக் தீவுகள் வரை பரந்தது அதன் இராச்சியம். அமெரிக்கக் கரையோரம் வழிதவறியவை ஓரிரண்டே அகப்பட்டுள்ளன. அட்லாண்டிக்கில் அது இல்லை. இவ்வளவு பரப்பிலும் அது ஆழ்கடலை நாடுவதன்று. கரையையும் தீவுகளையும் ஒட்டியே திரியும். நீரின் சூடு 18 முதல் 29 பாகை வரை இருக்கும் இடங்களை விரும்பும். குஞ்சுகள் விரிகுடாக்களிலும் துறைமுகங்களிலுங் கூட நுழையும். நூறு முதல் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கூட்டங்களாய்த் தம்மளவொத்த பிற சூரைகளோடு கலந்து செல்லும். வரிச்சூரையும் வளர்ந்த மஞ்சட்செட்டையும் வெளிக்கடலில் உலாவ, இது கட்டுமரமும் சிறு படகும் எட்டும் தூரத்தில் நெத்திலியையும் சாளையையும் கணவாயையும் துரத்தி வருவதனாலேதான் நம்மவர் அடுப்புக்கு இது பழகிய மீனாயிற்று. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த நான்கு ஊர்களுள், கீழ்க்கரைப் புதுச்சேரி, காரைக்கால் ஆகிய ஊர்க் கடலுக்கும், மேற்கரை மாஹேயின் கடலுக்கும் இது பொதுவானது. மாஹேயில் மலையாளத்தார் இதனைச் 'சூர' என்பர்.

இக்காலத்துக்கு வருவோம். இந்துமா சமுத்திரத்தின் சூரைகளைக் காத்தற்பொருட்டு, 1993-ல் ஏற்பட்டு 1996-ல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையால், செய்ஷெல்ஸ் தீவில் ஓர் ஆணையம் நிறுவப்பட்டுள்ளது. இந்தியாவும் அதில் அங்கம். பதினாறு மீனினங்கள் அதன் பார்வைக்குட்பட்டவை. நம் சூரையும், எலிச்சூரையும், வரிச்சூரையும், மஞ்சட்செட்டையும் அவற்றுள் உள்ளன. ஒவ்வொரு தேசமும் இனம் பிரித்துக் கணக்குக் கொடுத்தல் வேண்டும். 2015-ல் மஞ்சட்செட்டை அளவுக்கு மிஞ்சிப் பிடிக்கப்பட்டதென்று அவ்வாணையத்தின் பண்டிதர்கள் கண்டு கூற, 2016-ல் அதன் பிடிக்கு வரம்பு விதிக்கும் தீர்மானம் வந்தது. அவ்வாண்டு வரம்பு கட்டப்பட்டது மஞ்சட்செட்டைக்கு மட்டுமே. நாளை எதற்கு வருமென்று யார் அறிவார்? துறையிற் கணக்கெடுப்பவர் ஒரு குவியலைச் 'சூரை' என்று ஒரே வரியில் எழுதிச் செல்வாராயின், சூரையின் கணக்கில் மஞ்சட்செட்டைக் குஞ்சு ஏறும், எலிச்சூரையும் ஏறும். சூரை பெருகியிருக்கையில் குறைந்ததாகவோ, குறைந்திருக்கையிற் பெருகியதாகவோ அக்கணக்குக் காட்டும். டே எழுதியபோது எல்லை மட்டும் பிழைத்தது, ஒருவர்க்கும் பசியில்லை. இப்போது பிழைப்பது நம் தொழிலின் வரம்பு.

கணக்கெடுப்பவரைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. அவர் துறையிலுள்ளாரைக் கேட்டே எழுதுகின்றார். துறையிலுள்ளார் 'சூரை' என்றே விடை சொல்கின்றனர். சுருக்குவலை நல்லதோ தீயதோ என்னும் வழக்கு நம் குப்பங்களைப் பிரித்திருக்கின்றது. அது இக்கட்டுரையின் பொருளன்று. எந்த வலையால் வந்ததாயினும், வந்தது எது என்று சொல்வது இரு கட்சியார்க்கும் இயல்வதே. சூரை சுமார் 40 சென்டிமீட்டர் வளர்ந்தபின்னரே சினைகொள்ளும். மஞ்சட்செட்டையோ ஒரு மீட்டர் அளவு வளர்ந்தாலன்றிப் பெரும்பாலும் இனம் பெருக்காது. ஒரே நீளமுள்ள இரண்டு மீன்களில் ஒன்று பலமுறை முட்டையிட்டதாயும், மற்றொன்று குழந்தையாயும் இருக்கலாம். நீளம் பார்த்துச் சட்டம் செய்வாரும் இனம் பார்த்தே செய்தல் வேண்டும் என்று வற்புறுத்துதற்கு இதனினும் வலிய ஆதாரம் இல்லை.

குடும்பத்தார்க்கு ஒரு வார்த்தை. சூரையினம் எதுவாயினும் வெயிலிற் கிடந்தால் அதன் கறியில் ஹிஸ்டமின் என்னும் நஞ்சு பிறக்கும். உண்டார்க்கு முகஞ்சிவந்து தலைவலியும் தடிப்பும் உண்டாகும். கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் அந்நஞ்சு போகாது. நாற்றத்தாலும் எப்போதும் புலப்படாது. பிடித்த நேரம் முதற் பனிக்கட்டியில் வைத்ததையே வாங்குக.

கருட்டா என்னும் பெயரில் நம் சொல் இருக்கின்றது. கானாங்கெளுத்தியின் லத்தீன் பெயராகிய 'கனகுர்த்தா' விசாகப்பட்டினத்துத் தெலுங்கர் வழங்கிய சொல். 'கட்சுவோனஸ்' என்னும் வரிச்சூரையின் பெயர் ஜப்பானியச் சொல்லாற் பிறந்தது. 'டொங்கொல்' என்னும் நெடுவாற் சூரையின் பெயர் மலாய்ச் சொல். சூரை என்னும் நம் சொல் எந்தச் சூரையின் சாஸ்திரப் பெயரிலும் ஏறவில்லை. அது போகட்டும். நம் குப்பங்களில் இம்மீனின் குஞ்சுக்கும் பருவத்துக்கும் கூட்டத்துக்கும் வழங்கும் சொற்களாவது ஏட்டில் ஏறவேண்டும். காலாப்பட்டு முதல் மூர்த்திக்குப்பம் வரையுள்ள அன்பர்கள், தம் ஊர் முதியோரை வினவி, எந்த மீனுக்கு எப்பெயர், எம்மாதத்திற் கூட்டம் தென்படுகின்றது, எவ்வளவு ஓடினால் கிட்டுகின்றது என்பவற்றை இப்பத்திரிகைக்கு எழுதியனுப்ப வேண்டுகின்றோம். எழுதுவோர் மீனைத் திருப்பிப் பார்த்து, வயிற்றிற் புள்ளி எத்தனை என்பதையும் உடன்குறித்து அனுப்புக.